‘அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, எழுத்தாளர்களின் அன்றாட ஒழுங்கு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுத உட்கார வேண்டும், மனம் கூடிவரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, எழுதிய சொற்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லப்பட்டிருந்த எதனோடும் எனக்குப் பிணக்கில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் ஏறத்தாழ அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால், ஒரு நூலை முடித்த மறுநாள் காலையே அடுத்த நூலின் முதல் வரியை எழுதிவிடுவதுதான் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவருக்கு அழகு என்றும், இடையில் எடுத்துக்கொள்ளும் ஓய்வு சோம்பலுக்குச் சூட்டிய நல்ல பெயர் என்றும் கட்டுரையின் கடைசிப் பத்தி தீர்ப்புக் கூறியிருந்தது. அந்த ஒரு பத்தியை மறுக்கவே இந்தக் கடிதம். அது சொல்லும் வழியில் நானும் ஒருமுறை நடந்து பார்த்து, 140 பக்கங்களை வீணாக்கியவன் என்பதால் கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நடந்தது இது. ஐந்தாண்டுகள் உழைத்து ஒரு நாவலை முடித்திருந்தேன். அதன் கதைசொல்லி பணி ஓய்வு பெற்ற நில அளவையர். வாழ்நாள் முழுவதும் சங்கிலி பிடித்து அளந்தவர் என்றாலும், மனிதர்களைப் பற்றி எதையும் அறுதியிட்டுச் சொல்லத் தயங்குபவர். அந்தத் தயக்கத்தைக் காட்டுவதற்காக அவருடைய வாக்கியங்களில் பலவற்றை ‘போலும்’ என்று முடித்திருந்தேன். நாவல் அச்சுக்குப் போன நான்காம் நாள் அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டேன். இதில் கதை சொல்பவள் பத்தொன்பது வயதுப் பெண், நீச்சல் போட்டிகளுக்குப் போகிறவள், மனத்தில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள். கை பழகியிருந்ததால் மூன்றே மாதத்தில் 140 பக்கங்கள் ஓடிவிட்டன. எனக்கு ஒரே பெருமை. நீண்ட நாளாக என் கையெழுத்துப் படிகளைப் படித்துச் சொல்லும் நண்பரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர், “பெண்ணுக்குப் பத்தொன்பது வயது என்கிறீர்கள், பேச்சு மட்டும் அறுபதைத் தாண்டி நிற்கிறதே” என்றார். கணினியில் தேடிப் பார்த்தேன். அந்தப் பெண் 61 இடங்களில் ‘போலும்’ என்று சொல்லியிருந்தாள்.

உட்கார்ந்து அறுபத்தொன்றையும் நீக்கினேன். மறுபடி படித்தபோது, ‘போலும்’ எழுந்து போன நாற்காலிகளில் எல்லாம் ‘என்று தோன்றுகிறது’ வந்து உட்கார்ந்திருந்தது. அதையும் நீக்கியபின், ஒவ்வொரு பத்தியும் ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து கடைசி வாக்கியத்தில் பின்வாங்குவது கண்ணில் பட்டது. சிக்கல் சொல்லில் இல்லை. ஐந்தாண்டுகள் நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் ஒருவருடைய மூச்சின் நீளத்துக்கு வாக்கியம் அமைத்த காதில் அந்த மூச்சே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவரை வழியனுப்பாமலேயே அவருடைய அறையில் இன்னொருத்தியைக் குடிவைத்திருந்தேன்.

கட்டுரையாளர் தமக்குச் சாட்சியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப்பை அழைத்திருந்தார். வலுவான சாட்சிதான். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் இருந்ததையும், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தம்மிடமே வசூலித்ததையும், ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கியதையும், அவர் மறைந்தபின் 1883-இல் வெளியான தன்வரலாற்றில் அவரே ஒளிக்காமல் சொல்கிறார். 47 நாவல்கள் எழுதியவர் சொல்வதை லேசில் தள்ளிவிட முடியாது. ஆனால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எழுதினால் போதும் என்பதும் அதே நூலில் அவர் சொல்வதுதான். காலை உணவு நேரத்துக்குள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் அஞ்சல் துறை அலுவலுக்குப் போனார். அந்தப் பதவியில் 1867 வரை இருந்தார். ஊர் ஊராகப் பயணம் செய்தார், வேட்டைக் காலத்தில் குதிரை மேலேயே கிடந்தார். அதாவது நாவலாசிரியர் டிராலப் ஒவ்வொரு நாளும் காலையிலேயே ஓய்வுக்குப் போய்விட்டார். எஞ்சிய பகலை வேறொரு டிராலப் வாழ்ந்தார். நூலுக்கும் நூலுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை அவர் ஒவ்வொரு நாளுக்குள்ளும் சில்லறையாக மாற்றி வைத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. காலையில் எழுதி, மதியம் எழுதியதைத் திருத்தி, மாலையில் அதற்கான தரவுகளைப் படித்து, இரவில் அதையே நினைத்துக்கொண்டு தூங்கும் முழுநேர எழுத்தாளர் டிராலப்பின் அட்டவணையில் அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள இருபத்தொரு மணி நேரத்தை விட்டுவிடுவது கணக்கில் சேராது.

ஓய்வு எப்போது தொடங்குகிறது என்பதிலும் பலருக்கு, சில எழுத்தாளர்களுக்கும்கூட, ஒரு மயக்கம் இருக்கிறது. கடைசி வரியை எழுதியவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதன்பின்தான் பதிப்பாசிரியரின் கேள்விகள் வரும். முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு வரும். 212-ஆம் பக்கத்தில் இறந்தவர் 305-ஆம் பக்கத்தில் கடிதம் எழுதுகிறாரே என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பின்னட்டைக் குறிப்பை நீங்களே எழுதிவிடுங்களேன் என்பார்கள். பிறகு வெளியீட்டு விழா, நேர்காணல், நூலைப் பற்றி நூறு முறை அதே ஐந்து வாக்கியங்கள். நாவல் எழுதிய களைப்பைவிட இந்த மாதங்களின் களைப்பு வேறு வகையானது, மட்டமானதும்கூட, ஏனென்றால் இதில் எழுதும் இன்பம் துளியும் இல்லை. எழுதவில்லை என்பதற்காக இதை ஓய்வுக் கணக்கில் வரவு வைப்பவர்கள், பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து, ஆறு மாதம் சும்மா இருந்தும் ஒன்றும் வரவில்லையே என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். என் அனுபவத்தில், நூலைப் பற்றிப் பேச வேண்டிய கடைசிக் கட்டாயம் தீர்ந்த நாள்தான் ஓய்வின் முதல் நாள்.

நெடிய எழுத்து வேலையில் உண்மையில் களைத்துப்போவது எது? உடம்பு அல்ல, அதற்குப் பத்து நாள் நல்ல தூக்கம் போதும். முதலில் களைப்பது நினைவு. யாருக்கு எந்த ஆண்டு எத்தனை வயது, எந்த அறையின் சன்னல் எந்தத் திசை பார்க்கிறது, யாருக்கு எந்த ரகசியம் தெரியும், யாருக்குத் தெரியாது என்கிற ஆயிரம் விவரங்களைக் கீழே வைக்காமல் ஆண்டுக்கணக்கில் தூக்கிக்கொண்டே நடந்த தலை அது. இரண்டாவது, அதைவிட ஆழமாகக் களைப்பது பார்வை. நாவலுக்குள் இருப்பவன் எதையும் அதற்காகவே பார்ப்பதில்லை. ஒரு சாவு வீட்டில் நிற்கும்போதுகூட, அழுகிறவர்கள் கைக்குட்டையை எப்படி மடித்து வைக்கிறார்கள் என்று கண் தனியே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். எதைக் கண்டாலும் ‘இது ஆகுமா?’ என்று கேட்கும் அந்தக் கண், நூல் முடிந்த பிறகும் மூடிக்கொள்வதில்லை. எடுத்து வைக்க இடமில்லாமல் பொறுக்கிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைக் களைப்பு என்பதைவிடத் துக்கம் என்பதுதான் பொருந்தும். ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய தம் பெருநூலின் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை 1787 ஜூன் 27 அன்று இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தம் தோட்டத்திலிருந்த சிறு மண்டபத்தில் எழுதி முடித்தார். பேனாவை வைத்துவிட்டு, மரங்கள் கவிந்த நடைபாதையில் சில முறை உலாவியதையும், விடுதலை பெற்ற மகிழ்ச்சி முதலில் வந்ததையும், நெடுநாள் கூட இருந்த இனிய துணையிடம் நிரந்தரமாக விடைபெற்றுவிட்டோம் என்ற சோர்வு உடனே அதன்மேல் கவிந்ததையும் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். முதல் தொகுதி வெளியானது 1776-இல். அதற்கு முன்பே தொடங்கிய வேலை. அவ்வளவு காலம் வீட்டில் இருந்த ஒருவர் போய்விட்டால் மறுநாள் காலை அந்த இடத்தில் வேறொருவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கச் சொல்வோமா?

இந்த ஓய்வைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ‘சார்ஜ் ஏற்றிக்கொள்வது’ என்கிறார்கள். தங்கள் கட்டுரையாளரும் கேலியாக அந்தச் சொல்லையே பயன்படுத்தியிருந்தார். எனக்கு அது பிடிப்பதில்லை. மின்கலத்தில் தீர்ந்தது எதுவோ அதுவேதான் திரும்ப ஏறும். எழுத்தில் தீர்ந்தது திரும்ப ஏறினால் ஆபத்து. 61 ‘போலும்’களும் அப்படித் திரும்ப ஏறியவைதான். ‘ஓய்வு’ என்ற நம் சொல்லே இதைவிடத் துல்லியமானது. தொல்காப்பிய உரியியலில், ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்று ஒரு நூற்பா வருகிறது. ஓய்தல் என்றால் முன்பு இருந்தது மெலிந்து நுணுகுவது. சட்டென்று நின்றுபோவது அல்ல, புதிதாக ஒன்று வந்து நிரம்புவதும் அல்ல. என் நில அளவையரும் அப்படித்தான் போனார். முதல் மாதம் நான் எழுதும் கடிதங்களில்கூட இருந்தார். மூன்றாம் மாதம் தொலைபேசியில் எப்போதாவது என் வாயால் ஒரு ‘போலும்’ சொன்னார். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அவரைத் தேடினால்தான் கிடைத்தார்.

அந்த மாதங்களில் என்ன செய்தேன் என்று கேட்டால், அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. 140 பக்கங்களையும் கட்டி மேலே போட்ட வாரத்தில், எங்கள் வீட்டுப் பின்கதவு ஈரத்தில் உப்பி நிலையில் உரசிக்கொண்டிருந்ததைச் சரிசெய்யத் தச்சர் ஒருவர் வந்தார். கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சாய்த்து வைத்து, இழைப்புளியை ஓட்டினார். சீவல் சுருள் சுருளாக எழுந்து, ஒரு கணம் நின்று, விழுந்தது. அதற்கு உவமை தேட ஆரம்பித்துவிட்டேன். பிறந்த குழந்தையின் நகம் என்று ஒன்று கிடைத்தது; சரியாக இல்லை, குழந்தை நகம் சுருளாது; வேறொன்று தேடினேன். தச்சர் இரண்டு முறை “அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க” என்று கூப்பிட்டும் என் காதில் விழவில்லை. மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தியபோதுதான், கதவு சரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உப்புத்தாளைக் கையில் கொடுத்து, விளிம்பைத் தேய்க்கச் சொன்னார்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவரிடமே கேட்டுச் சில கருவிகள் வாங்கி, மிச்சப் பலகையில் சிறு அடுக்கு ஒன்று செய்ய முனைந்தேன். அது கோணலாகத்தான் வந்தது. இன்றும் ஒரு பக்கம் அட்டையை மடித்துச் செருகித்தான் நிற்கிறது. ஆனால் ஏழெட்டு வாரம் கழித்து ஒரு நாள் மாலை, முக்கால் மணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தும் தலைக்குள் ஒரு வாக்கியம்கூட ஓடவில்லை என்பதைத் திடீரென்று கவனித்தேன். மரத்தின் வரி தெரிந்தது, அவ்வளவுதான். அது எதைப் போலவும் இல்லை. பொறுக்கும் கண் மூடிக்கொண்டது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இது தனிமனித விசித்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1891-இல் தம் எழுபதாம் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையில், களைத்த மூளைக்குத் தமக்கு எதுவும் வந்ததில்லை, மேசையில் இருக்கும்போதும் வந்ததில்லை, ஒரு சிக்கலை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்து அந்த அயர்ச்சி முற்றிலும் நீங்கிய பிறகே, வெயில் காயும் நாளில் மரம் அடர்ந்த குன்றுகளில் மெல்ல ஏறும்போது நல்ல எண்ணங்கள் வந்தன என்ற பொருள்பட நினைவுகூர்ந்தார். அவர் வைக்கும் வரிசை முக்கியம்: முதலில் புரட்டல், பிறகு அயர்ச்சி நீங்கல், அதற்குப் பிறகுதான் குன்று. முதற்படியைத் தாண்டாதவருக்குக் குன்று வெறும் குன்றுதான். இத்தகைய இடைவெளிகளைப் பற்றி நடந்த 117 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2009-இல் வெளியான ஒரு மதிப்பீடும், சற்று விலகியிருப்பது சிக்கலை அவிழ்க்க உதவுகிறது என்றும், மொழி சார்ந்த புதிர்களில் வெறுமனே ஓய்ந்திருப்பதைவிட அதிகம் யோசிக்க வேண்டாத எளிய வேலை ஒன்றில் ஈடுபடுவதே கூடுதல் பலன் தருகிறது என்றும் கண்டது. ஆய்வுக்கூடத்தில் நிமிடக் கணக்கில் விடப்படும் இடைவெளியும் நாவலாசிரியரின் மாதக்கணக்கான இடைவெளியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதை நிரூபணமாக வைக்கவில்லை. உப்புத்தாளுக்கு ஆதரவாக ஒரு குரல், அவ்வளவே.

ஓய்வில் நிறையப் படியுங்கள் என்று எல்லாரும் சொல்லும் அறிவுரையில் எனக்குப் பாதி உடன்பாடுதான். நாவல் எழுதி முடித்தவன் உடனே நாவல் படித்தால் வாசகனாகப் படிப்பதில்லை. அடுத்த வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்க்கும் சமையற்காரனாகப் படிக்கிறான். இவர் ஏன் இந்த அத்தியாயத்தை இங்கே வெட்டினார், இந்தப் பாத்திரத்தை ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தார் என்று மனம் மெய்ப்பு பார்த்துக்கொண்டே போகும். அந்த மாதங்களில் எனக்குக் கைகொடுத்தது அகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, எந்த நோக்கமும் இல்லாமல் மேலிருந்து கீழே படிப்பேன். அகராதியில் கதைசொல்லி கிடையாது, தயக்கம் கிடையாது, யாருடைய மூச்சும் கிடையாது. சொற்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் அகர வரிசையில் நிற்கின்றன. ஐந்தாண்டுகள் ஒரே மனிதருடைய சொற்களஞ்சியத்துக்குள் அடைபட்டிருந்தவனுக்கு அது சன்னலைத் திறந்துவிட்டாற்போல் இருந்தது. நாவல்களுக்கு நான் திரும்பியது நான்கைந்து மாதம் கழித்துத்தான்; அதுவும் இளமையில் படித்தவற்றுக்கு, முடிவு தெரிந்தவற்றுக்கு.

குறிப்பேடு வைத்துக்கொள்ளலாமா என்று இளம் எழுத்தாளர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நினைப்புக்கு ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம், எழுதியதைத் திரும்பப் போய்ப் படிக்கவும் வேண்டாம் என்றேன். இரண்டாம் வரி எழுதியவுடன் அது வேலையாகிவிடும். மறந்துபோவது மறந்துபோகட்டும்.

வீட்டார் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எழுதாமல் இருக்கிற எழுத்தாளரைப் போல வெளிப்பார்வைக்குச் சும்மா இருக்கிறவர் உலகத்திலேயே யாரும் இல்லை. நாவல் முடியட்டும் என்று ஐந்தாண்டுகளாகத் தள்ளிப்போட்ட அத்தனை வேலைகளும் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கும். அவற்றில் பலவும் நியாயமானவை என்பதால் மறுக்கவும் முடியாது. ஒரு விதத்தில் அதுவும் நல்லதே. கதவை இழைத்ததும் அப்படி வந்த வேலைதான்.

பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே, மாதக்கணக்கில் எழுதாமல் இருக்க யாருக்கு வாய்க்கும் என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. எனக்கும் வாய்க்கவில்லை, அந்தக் காலம் முழுவதும் மொழிபெயர்ப்பும் பிறர் நூல்களுக்கு மெய்ப்பு பார்ப்பதுமாகத்தான் குடும்பம் ஓடியது. ஆனால் அவை பிறருடைய வாக்கியங்கள். அவற்றைச் செப்பனிடுவதில் கை களைக்கும், சொந்த நாவல் பிறக்கும் உள்ளிடம் களைப்பதில்லை. ஓய்வு என்று நான் சொல்வது வருமானம் இல்லாமல் இருப்பதை அல்ல, சொந்தமாக நெடிய ஒன்றைத் தொடங்காமல் இருப்பதை. அதற்குத் தேவைப்படுவது பணத்தைவிட, அடுத்த கையெழுத்துப் படிக்கு இன்ன தேதி என்று கெடு வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் இருக்கும் துணிவு. பதிப்பாளர் ஒருவர், முந்தைய நூலின் மெய்ப்பு என் மேசையில் இருக்கும்போதே அடுத்த நூலுக்கான ஒப்பந்தத்தை அனுப்பி வைத்தார். ஐந்தாண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தவர்தான். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை.

ஓய்வை எதிர்ப்பவர்கள் வெளியே சொல்லாத ஓர் அச்சம் எனக்கும் உண்டு. நிறுத்தினால் திரும்ப வராமலே போய்விட்டால்? இதற்கு ஆறுதல் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அப்படியும் நடக்கிறது. அந்த இரவில் நடைபாதையில் உலாவிய கிப்பன் அதன்பின் அவ்வளவு பெரிய வேலை எதையும் முடிக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றை ஆறு முறை வெவ்வேறு வரைவுகளாக எழுதிப் பார்த்தும் நிறைவு செய்யாமலே 1794-இல் மறைந்தார். அவருடைய ஆறு வரைவுகளையும் இடைவெளியின் குற்றமாகக் காட்டுபவர்கள் காட்டட்டும். எனக்கென்னவோ, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த ஒருவர் மேலும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சொல்லிக்கொண்டு போகாததில் ஒரு குறையும் தெரியவில்லை. வராமல் போனால் போகட்டும் என்று உள்ளபடியே ஒரு நாளாவது நினைக்க முடியாதவர் ஓய்வில் இல்லை, தவணைக்கு அஞ்சிப் பதுங்கியிருக்கிறார்.

எவ்வளவு காலம் என்பதற்கு என்னிடம் எண் இல்லை. எனக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. முடிந்ததை எப்படி அறிந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். கதைக் கருக்கள் இடையிலேயே பல வந்தன; கரு வருவது அடையாளமே அல்ல, அது தும்மலைப் போல யாருக்கும் எப்போதும் வரும். ஒன்பதாம் மாதத்தில் ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறையில், எதையும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தபோது, ‘குதித்த பிறகுதான் குளிர் தெரிந்தது’ என்று ஒரு வாக்கியம் வந்தது. நான்கே சொற்கள். அதில் தயக்கம் இல்லை, பின்வாங்கல் இல்லை. நில அளவையர் ஒருநாளும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவர் முதலில் தண்ணீரின் ஆழத்தை விசாரித்திருப்பார். மேலே கட்டிப் போட்டிருந்த 140 பக்கங்களில் எங்கும் காணாத அந்தப் பெண்ணின் குரல் அதில் இருந்தது. என்னைக் கூப்பிட்டபோதுகூட எழுந்திருக்காமல் அந்த நான்கு சொற்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மேசைக்குப் போனேன். பழைய கட்டைப் பிரிக்கவில்லை. அதிலிருந்து ஒரு வரிகூடப் புதிய படிக்கு வரவில்லை.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இலக்கியப் பக்கத்தில் புதிய நூல்களை ஒட்டி வெளியாகும் நேர்காணல்கள் அனைத்தும், நான் பார்த்தவரையில், ‘அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?’ என்ற கேள்வியோடுதான் முடிகின்றன. அன்பினால் கேட்கப்படுவதுதான். ஆனால் நூல் அச்சிலிருந்து வந்து மை உலராத நிலையில் அந்தக் கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று பதில் சொல்லும் தைரியம் பத்தில் ஒருவருக்குக்கூட இருக்காது. நீச்சல்காரியின் நாவல் வெளியானபோது வேறொரு பத்திரிகையின் நிருபர் என்னிடம் இதைக் கேட்டார். வாயில் வந்தபடி ‘வரலாற்று நாவல் ஒன்று’ என்று சொல்லிவிட்டேன். அப்படி எதுவும் என் மனத்தில் இல்லை. அதைப் படித்த முதிய வாசகர் ஒருவர், தாம் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கல்வெட்டுக் குறிப்புகளின் நகல்களை எல்லாம் ஒரு பெரிய கட்டாகக் கட்டி, எனக்குப் பயன்படட்டும் என்று அனுப்பி வைத்தார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாக அதை மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். தங்கள் நேர்காணலாளர்கள் அந்த ஒரு கேள்வியை மட்டும் ஓராண்டு தள்ளிக் கேட்டால், என்னைப் போன்றவர்கள் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டுகளாவது குறையும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகனான நாவலாசிரியன் ஒருவன்